போனஸ் வாரமும் கச்சாயமும்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் இந்த நாட்களில் தூக்கம் பிடிக்காது. எங்கள் கம்பெனியில் 140 பேர். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கேட்க எளிது. ஆனால் வருட நடுவில் சேர்ந்தவர், பிரசவத்துக்குப் போய்த் திரும்பியவர், பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர் என்று ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனி. அந்தப் பணத்தை நம்பித்தான் பிள்ளைகளுக்குத் துணி, ஊருக்குப் போக டிக்கெட், அடகு நகைக்கு வட்டி எல்லாம். அதில் ஓர் எண் தப்பினால் ஒரு வீட்டின் பண்டிகையே தப்பிவிடும். இதை லேசாக எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய் இரவு இரண்டரை மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள எழுந்து உட்கார்ந்தேன். கட்டிங் பிரிவில் ஒருவருடைய வருகை நாட்களைக் குறைத்து ஏற்றிவிட்டேனோ என்ற எண்ணம் விடியும்வரை விடவில்லை. காலையில் டாக்டரிடம் போனேன். இசிஜியில் ஒன்றும் இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை காபி?" என்று கேட்டார். ஆறு. குடித்த காபியின் வீரியத்தில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும் என்று விளக்கி, மதியத்தோடு நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். படபடப்பு குறைந்தது.

வீட்டுப் பாரம் அப்படியே இருந்தது. முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு, மிக்சர், அக்கம்பக்கத்துப் பதினான்கு வீடுகளுக்குத் தட்டு. ஒன்றைக் குறைத்தாலும் அத்தை மனம் நோகும் என்று பயந்து கல்யாணமானதிலிருந்து செய்துகொண்டிருந்தேன். அன்று இரவு சமையலறையில் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது அழுகை வந்துவிட்டது. அத்தை சல்லடையை வாங்கிக் கீழே வைத்தார். "எனக்கும் முழங்கால் தாங்கவில்லை கண்ணு. உனக்கு ஆசை என்றுதான் நானும் கூட நின்றேன். எங்கள் வீட்டில் தீபாவளிக்குக் கச்சாயம் ஒன்றுதான். அதை மட்டும் சுடுவோம் சாமி."

பத்து வருடம் ஒரே அடுப்படியில் நின்றும் இதை நாங்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

கச்சாயத்துக்கு அவசரம் ஆகாது. ஊறிய பச்சரிசியை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து அரைத்து, மாவைக் கொஞ்ச நேரம் மூடி வைக்க வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றினால் முதலில் அடியில் போய்ப் படியும். பிறகு மெல்ல மேலே வந்து, ஓரம் சிவந்து, நடு உப்பும். அதைத் திருப்பி, எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடித்த பிறகுதான் அடுத்தது. நாற்பது சுட ஒன்றரை மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் எனக்கு எந்த எண்ணும் நினைவில் வரவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து போனஸ் பட்டியலைப் பத்து நாள் முன்பே முடித்து, அந்தந்தப் பிரிவு சூப்பர்வைசரிடம் ஒரு முறை சரிபார்க்கக் கொடுக்கிறேன். சந்தேகம் எழுந்தால் படுக்குமுன் நோட்டில் எழுதிவிடுகிறேன், விடிந்துதான் பார்ப்பது. அந்த வாரம் முழுக்க ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும்தான். வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை.

போனஸ் கொடுத்த மறுநாள் கோவில்வழி பஸ் நிலையத்தில் நிற்க இடமிருக்காது. மதுரை, தேனிப் பக்கம் போகிறவர்கள் குழந்தையும் பையுமாக விடிய விடிய நிற்பார்கள். போன வருடம் எங்கள் செக்கிங் பிரிவு அக்கா ஒருவரை வழியனுப்பப் போய், ஒரு டப்பா கச்சாயம் கொடுத்தேன். அவர்கள் எல்லோரும் போன பிறகு எங்கள் தெருவில் பவர் டேபிள் என்னும் மோட்டார் தையல் மெஷின் ஓடும் சத்தமே இருக்காது. அந்த அமைதியில் எட்டு மணி வரை தூங்கினேன்.

இந்த வருடம் நோட்டில் 96 பேர் கணக்கு முடிந்திருக்கிறது. அத்தை நேற்றே பச்சரிசியைப் புடைத்து வைத்துவிட்டார்.