உங்கள் இரண்டாவது விருப்பம் யார்?

2007ஆம் வருஷம் நான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டிமாய்ன் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரில் மென்பொருள் வேலையில் இருந்தேன். எச்-1பி விசா, அதனால் ஓட்டு கிடையாது, நன்கொடை கொடுக்கவும் சட்டம் விடாது. ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யத் தடையில்லை என்று பராக் ஒபாமாவின் பிரச்சார அலுவலகத்தில் சொன்னார்கள். சொன்ன கையோடு ஒரு போனையும் பெயர்ப் பட்டியலையும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அதுதான் நான் அங்கே பார்த்த இரண்டாவது வேலை. சாயந்திரங்களிலும் சனி, ஞாயிறுகளிலும் செய்தது. பகல் வேலையில் கற்றதைவிட இதில் கற்றது அதிகம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அயோவாவில் கட்சிக்குள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை அப்போது வேறு மாதிரி இருந்தது. மற்ற பல மாநிலங்களில் பிரைமரி, அதாவது பூத்துக்குப் போய் ரகசியமாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிடலாம். அயோவாவில் காகஸ். கடும் குளிரில், ராத்திரி 7 மணிக்கு, அந்தந்த வட்டாரத்து ஆட்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ கூடி, ஒபாமா ஆட்கள் இந்த மூலை, ஹிலாரி ஆட்கள் அந்த மூலை என்று எல்லோர் கண்முன்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். ஜனநாயகக் கட்சியில் அப்படித்தான் தலை எண்ணினார்கள். பெரும்பாலான வட்டாரங்களில் 15 சதவீதம் தேறாத அணி கலைந்துவிட வேண்டும். கலைந்தவர்கள் வேறு அணிக்குப் போகலாம், இல்லையென்றால் கிளம்பலாம். ஆக, ஒருவருடைய முதல் விருப்பம் யாரென்பது எவ்வளவு முக்கியமோ, இரண்டாவது யாரென்பதும் சில இடங்களில் அவ்வளவு முக்கியம்.

இது புரிந்த பிறகுதான் அந்த வேலையே எனக்குப் பிடிபட்டது. போனில் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். 1 என்றால் நம் ஆள், 5 என்றால் வேறு வேட்பாளருக்கு உறுதியானவர். புதிதாக வரும் தொண்டர்கள் 1 கிடைத்தால் துள்ளுவார்கள், 5 வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். எனக்கு 4, 5 போட்டவர்களோடு பேசத்தான் ஆசை. அவர்களிடம் “உங்க ஆளுக்கு ஆதரவு தேறலைன்னா அடுத்து யார்?” என்று கேட்டால் பெரும்பாலும் கோபப்பட மாட்டார்கள், கொஞ்சம் யோசிப்பார்கள். யோசிக்கிற அந்த இடைவெளியில் நாம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். வேட்பாளரைப் பற்றி வர்ணிக்க எல்லோருக்கும் வரும். சும்மா இருக்கத்தான் பழக வேண்டியிருந்தது.

வீடு வீடாகப் போவது தனி உழைப்பு. டிசம்பரில் பேனா மை உறைந்துவிடும், பென்சில்தான். துண்டுப் பிரசுரத்தைத் தபால் பெட்டியில் போடக்கூடாது, அது சட்ட விரோதம், கதவு இடுக்கில்தான் செருக வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பாட்டி திறந்தார். அப்போது போட்டியில் இருந்த ஜோ பைடனின் ஆதரவாளர், வெளியுறவு விவகாரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்றார். பேரன் ஈராக்கில். இரண்டாவது யார் என்றேன், யோசிக்கவே இல்லை என்றார். 2002 அக்டோபரில், போருக்கு முன்பே, சிகாகோவில் நடந்த கூட்டத்தில் ஒபாமா அந்தப் போரை எதிர்த்துப் பேசியதைச் சொன்னேன். “சரி, பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். எண் 4 போட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதினேன்: பைடன், இரண்டாவது முடிவாகவில்லை, பேரன் ஈராக்கில்.

எங்கள் வட்டாரத்தின் பொறுப்பாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை, அதே தெருக்காரர். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, பிரசுரம், பேட்ஜ் எதுவும் இல்லாமல் பாட்டியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். தேர்தலைப் பற்றிப் பேசினார்களா என்று நான் கேட்டதற்கு, பேரனைப் பற்றித்தான் பேசினோம் என்றார்.

2008 ஜனவரி 3, வியாழக்கிழமை, காகஸ் நாள். பள்ளி உணவுக்கூடத்தில் உட்கார இடமில்லை, வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. நான் பார்வையாளன், சுவரோரம் நின்றேன். முதல் சுற்றில் பைடன் அணி தேறவில்லை. உடனே மூன்று பெரிய அணிகளிலிருந்தும் ஆட்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்து இழுக்காத குறை. எங்கள் ஆசிரியை மட்டும் அவசரப்படாமல் பாட்டியின் பக்கத்தில் போய் நின்றார். சின்னப் பேச்சுதான். பாட்டி கோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மூலைக்கு நடந்தார், கூடவே அவரோடு உட்கார்ந்திருந்த சிலரும். எனக்குத் தொண்டை அடைத்தது. பைடன் அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார்.

மாநிலம் முழுக்க சுமார் 2,39,000 பேர் ஜனநாயகக் கட்சி காகஸுக்கு வந்திருந்தார்கள், 2004இல் வந்தவர்களைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மாநிலப் பிரதிநிதிகள் கணக்கில் ஒபாமாவுக்கு 37.6 சதவீதம், இன்னொரு வேட்பாளரான ஜான் எட்வர்ட்ஸுக்கு 29.7, ஹிலாரிக்கு 29.5. அப்போது 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளையர்கள் வாழ்ந்த மாநிலம் என்பதால் உலகமே வியந்தது. வேட்பாளரின் பேச்சுத்திறமை பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டவர்களை ஜனவரிப் பனியில் வீட்டை விட்டுக் கிளப்பியது பக்கத்து வீட்டுக்காரர்கள். முதல் முறையாக காகஸுக்கு வந்தவர்கள்தான் அன்று பாதிக்கு மேல்.

இதே முறையின் மேல் எனக்குத் தீராத வருத்தமும் உண்டு. என் பட்டியலில் ஒரு நர்ஸ் இருந்தார், உறுதியான 1. அன்று ராத்திரி ஷிஃப்ட். வேலையை விட்டு வர முடியாது, தபால் ஓட்டும் கிடையாது, அவ்வளவுதான், அவர் கணக்கிலேயே இல்லை. வெளிநாட்டில் போரில் இருக்கும் சிப்பாய்க்கும் அதே கதி. அந்தப் பாட்டியின் பேரனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்காகத்தான் அவர் இவ்வளவு யோசித்தார், அவனால் தனக்கான ஒரு மூலையில் போய் நிற்க முடியவில்லை.

அப்புறம் 2020இல் முடிவு அனுப்பும் செயலி சொதப்பி, ஜெயித்தவர் யார் என்றே நாள்கணக்கில் தெரியாமல் போனது. வேட்பாளர் தேர்வை முதலில் நடத்தும் இடம் அதுவரை அயோவாவுக்கு இருந்தது, 2024இல் ஜனநாயகக் கட்சி அதைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தது, அயோவாவில் அந்தக் கட்சி விருப்பத்தைக் குறித்துத் தபாலில் அனுப்பும் அட்டைக்கு மாறியது. நர்ஸுக்கும் சிப்பாய்க்கும் இது நியாயம், வரவேற்கிறேன். ஆனால் அட்டையில் ஒரு பெயரைக் குறித்து அனுப்புவதோடு நின்றால் இரண்டாவது விருப்பத்துக்கு மதிப்பு போய்விடும். எதிரணிக்காரரின் வீட்டில் போய் உட்கார்ந்து பேரனைப் பற்றிக் கேட்க யாருக்கும் காரணமும் இருக்காது. இதற்கும் வழி இருக்கிறது. 2020இல் அலாஸ்கா, கான்சஸ் மாதிரியான மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி, தபாலில் வரும் ஓட்டிலேயே 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடச் சொல்லி பிரைமரி நடத்திக் காட்டியது. அயோவாவும் அப்படிச் செய்ய வேண்டும். செய்தால் அதற்கான பட்டியலைப் போனில் கூப்பிட நான் இப்போதும் தயார்.