முகப்பில் இருக்கும்போது படிக்கலாமா?

எங்கள் நூலகத்தின் சேவை முகப்பில் வேலைபார்க்கும் மாணவர் ஊழியர்களுக்கான நேர்காணலில் கேள்வி கேட்பது பெரும்பாலும் நான்தான். ஒரு மாணவி என்னிடம் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி மட்டும் இன்னும் மனத்தைவிட்டுப் போகவில்லை. "மேடம், முகப்பில் ஆள் இல்லாத நேரத்தில் என் பாடத்தைப் படிக்கலாமா?" என்றார். "முகப்பில் இருக்கும்வரை அது நூலகத்தின் நேரம்" என்றேன். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தேன்.

அவருக்குத் திறமை குறைவு என்று சொல்ல முடியாது. நூல்களுக்கு எண்ணிட்டு அடுக்க எங்களிடம் இருப்பது அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாடு. பி.எல். 4758.9 எண்ணின்கீழ் வரும் தமிழ் எழுத்தாளர்களின் நூல்களைத் தள்ளுவண்டியில் கலைத்துவைத்து அடுக்கச் சொல்வேன். அதற்குப் பின், எழுத்தாளரைக் குறிக்கும் எழுத்தை அடுத்துவரும் எண்ணைத் தசமமாக (0.25, 0.3 என்பதுபோல்) கொள்ள வேண்டும் என்பதால் கே25 முன்னும் கே3 பின்னும் வர வேண்டும். பொறியியல் மாணவர்களே இதில் தவறுவார்கள். அவர் தயங்காமல் சரியாக வைத்தார். இடம் மாறிய நூல் கணினியில் இருப்பதாகவே காட்டும், அலமாரியில் கிடைக்காது என்பதைப் புதியவர்களுக்குப் புரியவைப்பதிலேயே பயிற்சியில் பாதி போய்விடும். அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. குனிந்து படித்துக்கொண்டிருப்பவரைக் கண்டால், உதவி கேட்க வந்த முதலாண்டு மாணவர் தொந்தரவு வேண்டாமென்று திரும்பிவிடுவார். தவிர, நவம்பர், ஏப்ரல் தேர்வு வாரங்களில் நூலகம் நிரம்பி வழிவதும், ஊழியர்களான மாணவர்கள் ஷிப்டை மாற்றித் தரக் கெஞ்சுவதும் ஒரே சமயத்தில்தான். வெளிநாட்டு மாணவர் என்றால் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 16 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பு வேறு. வராதவரின் வேலையை இன்னொருவர் தலையில் கட்டவும் முடியாது.

ஆனால் படிக்க வந்தவரைப் புத்தகங்களுக்கு நடுவே உட்காரவைத்து, படிக்காதே என்பது என்ன முறை? அந்தக் கேள்வியைக் கேட்காமல் வேலையில் சேர்ந்த மாணவர் இரவு எட்டு மணிக்குமேல் மேசைக்கடியில் கைப்பேசியை வைத்து விரிவுரைக் குறிப்புகளைப் புரட்டுவதைக் கண்டும் காணாததுபோல் கடந்திருக்கிறேன். அப்படியானால் எனக்கு உறுத்தியது படிப்பா, கேள்வியா? அந்த மாணவியும் தேர்வு வாரத்தில் விடுப்பு கேட்டிருப்பார் என்று சொல்லிக்கொள்கிறேன். அவராவது முன்கூட்டியே கேட்டிருப்பார் என்றும் உடனே தோன்றுகிறது.

இப்போது ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே, பணி நேரத்தில் சொந்தப் படிப்புக்கு அனுமதியில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டோம். மேலாளருக்குத் திருப்தி. நேர்காணலில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எட்டு மணிக்குமேல் முகப்புப் பக்கம் போவதை நானும் குறைத்துக்கொண்டேன்.