ஹெர்னியாவுக்குக் காப்பீடு, தோலுக்குக் கைக்காசு

இரண்டாவது சிசேரியனுக்கு அப்புறம் தொப்புளுக்கு மேலே ஒரு புடைப்பு. இருமினால் வெளியே தள்ளி வலிக்கும். பிள்ளையைத் தூக்கினால் அன்றைக்கு முழுக்க இடுப்புவலி. ஸ்கேன் எடுத்ததில் தொப்புள் ஹெர்னியா (வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை வழியே உள்ளிருப்பது வெளியே தள்ளுவது), கூடவே நடுவயிற்றுத் தசைகள் இரண்டு பக்கமும் விலகியிருக்கின்றன என்று வந்தது. மெஷ் (வலை) வைத்து ஹெர்னியாவைச் சரிசெய்து, தசைகளைச் சேர்த்துத் தைத்து, தொங்கும் தோலையும் ஒரே மயக்கத்தில் எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன்.

மருத்துவமனை எஸ்டிமேட்டில் எல்லாவற்றையும் சேர்த்து 'அப்டாமினோபிளாஸ்டி' (வயிற்றுத் தோலை எடுத்து இறுக்கும் அறுவை) என்று ஒரே வரியில் போட்டுவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதிக்கு உடனே மறுப்பு: அழகுசாதன அறுவை, விலக்கு 08 (பாலிசியில் பணம் தராதவை பட்டியலில் உள்ள எண்).

பாலிசியை எடுத்து அந்த விலக்கை முழுசாகப் படித்தேன். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) இந்த வாசகங்களைப் பொதுவாக்கிவிட்டதால் எந்த நிறுவனத்தின் பாலிசியிலும் அநேகமாக இதேதான் இருக்கும். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு உண்டு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று கொடுத்தாலும் உண்டு. எனக்கு வழி அந்தக் கடைசி வரியில் இருந்தது.

சர்ஜனிடம் எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். தோல் தனி, அது என் செலவு. ஹெர்னியாவுக்குத் தனிக் கடிதம்: ஓட்டையின் அளவு, வலி, குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து, ஸ்கேன் அறிக்கை. தசைத் தையலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் இழுபறி. விலகலை அப்படியே விட்டால் ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு அதுவும் ஹெர்னியா பக்கம் சேர்ந்தது. ஹெர்னியாவுக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு, பாலிசி எடுத்து அவ்வளவு காலம் ஆன பிறகுதான் பணம் தருவார்கள். எனக்கு அது கடந்திருந்தது.

அறுவை முடிந்து, கட்டிய பணத்தைத் திரும்பப் பெற ரீஇம்பர்ஸ்மென்டுக்குப் போட்டால் புதுத் தடை: இது பிரசவத்தால் வந்தது, அதனால் மகப்பேறு விலக்கு 18! பிள்ளை எல்கேஜி போய்க்கொண்டிருந்தாள். பெண்ணின் வயிற்றில் எது வந்தாலும் பிரசவக் கணக்கில்தான் எழுதுவார்கள் போல. ஹெர்னியா தனி நோய், உங்கள் பாலிசியே அதைக் காத்திருப்புப் பட்டியலில் தனியாகப் போட்டிருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் சேர்த்தேன். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அதுவரை போக வேண்டிவரவில்லை, அதற்குள் பணம் வந்துவிட்டது.

தோல் எடுத்த பகுதிக்கு 18% ஜிஎஸ்டியோடு நானே கட்டினேன். அழகு அறுவைக்கு மருத்துவ வரிவிலக்கு கிடையாது. பட்ஜெட் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி காப்பீட்டு நிறுவனம் பிடித்தது கையுறை போன்ற சில்லறை அயிட்டங்களும், ஆபரேஷனுக்கு அப்புறம் கட்டாயம் போடச் சொன்ன வயிற்றுப் பெல்ட்டும்தான்.