பிக்கப் வண்டியின் முன்சக்கர பேரிங்கை மாற்றிய இரண்டு ஞாயிறுகள்

பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் எங்கள் பழைய பிக்கப் வண்டி, மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் வண்டு ரீங்கரிப்பதுபோல் சத்தம் எழுப்பத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. டயர் ஒருபக்கமாகத் தேய்ந்ததால் வரும் சத்தம் என்று நினைத்து, முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் பார்த்தேன். சத்தம் முன்னாலேயே இருந்தது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, இடப்புறம் வளையும் ஒவ்வொரு முறையும் அது தடித்து, வலப்புறம் வளையும்போது தணிவதைக் கவனித்த பிறகுதான் சந்தேகம் பேரிங்கின் பக்கம் திரும்பியது. இடப்புறம் வளைகையில் பாரம் வலப்புறச் சக்கரத்தின் மேல் சாய்வதால், பழுது வலப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

சக்கரத்தின் நடுவே பேரிங்கைத் தாங்கும் ஹப்பைத் தொட்டுச் சூடு பார்ப்பது எளிய சோதனைதான். ஆனால் கணவாய் இறங்கியவுடன் தொட்டால் பிரேக் சூட்டில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே சுடும். ஆகவே தருமபுரியிலிருந்து வீடு திரும்பும் வழியில், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவந்து தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது; வலப்பக்கத்தில் கையை வைக்க முடியவில்லை.

முதல் ஞாயிறு காலை, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டின் மேல் இறக்கினேன். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது லொடலொடவென்று ஆடியது. மச்சானைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டியபோது ஆட்டம் நின்றுவிட்டது. அப்படி நின்றால் தளர்ச்சி பேரிங்கில் இருக்கிறது என்று பொருள். பிரேக் பிடித்த பின்னும் ஆடினால், சக்கரத்தைத் தாங்கும் மூட்டான பால் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும்.

பிரேக் பட்டைகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றி, அதன் எடை பிரேக் ஹோஸில் தொங்காதபடி கம்பியால் மேலே கட்டிவிட்டு, கிரீஸ் மூடி, நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின், நட் ஆகியவற்றை எடுத்ததும் ஹப் கையோடு வந்துவிட்டது. கிரீஸ் மோர் கலந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. உள்பக்க ஆயில் சீலின் விளிம்பு கிழிந்து, அதன் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சி வண்டியைக் கழுவும்போது குழாயைச் சக்கரத்தின் நடுவே காட்டுவது என்னுடைய பழக்கம். அந்தத் தவறை வேறு யார் மேலும் போட முடியாது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகு, பேரிங்கின் வெளி வளையமான கப்பின் உள்முகத்தில் ஒருபக்கம் மட்டும் அம்மைத் தழும்புபோல் குழிகள் தெரிந்தன.

இது கூம்பு உருளை வகை பேரிங். ஹப்புக்குள் வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என இரண்டு இருக்கும். உருளைகளோடு கூடிய உள் வளையமான கோனை மட்டும் மாற்றிப் பழைய கப்பை விட்டுவைத்தால், குழி விழுந்த பாதையில் புதிய உருளைகளும் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால், கப்பையும் கோனையும் ஜோடியாகவே வாங்கினேன். கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கையும் கையில் கொண்டுபோவது நல்லது. விளிம்பில் பொறித்த எண் 30206 என்பதுபோன்ற மெட்ரிக் எண்ணாக இருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்க உள்விட்டம் 30 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். அழுக்கில் எண் பாதி அழிந்திருந்தாலும் அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழைய கப்பை, ஹப்பின் உள்ளே எதிரெதிராக இருக்கும் இரண்டு வெட்டுகளின் வழியே பித்தளைக் கம்பியை வைத்து, மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றினேன். புதியதை இறக்கும்போதுதான் பிழை செய்தேன். இரண்டாவது அடியிலேயே கப் சற்றுச் சாய்ந்தது. நிமிர்த்தி, மறுபடி அடித்து, உட்கார்ந்துவிட்டது என்று நம்பினேன். ஒருமுறை சேலம் போய்வந்து பார்த்தால் பழைய ஆட்டம் திரும்பியிருந்தது.

பித்தளைக் கம்பியைக் கொடுத்த லேத் பட்டறை அண்ணனிடம் சொன்னபோது, "தம்பி, சுத்தியல் சத்தத்தக் கேட்டீங்களா? கப்பு அடியில போய் உக்காந்தா மொத்துன்னு கேக்காது, கணீர்னு கேக்கும்," என்றார். இரண்டாம் ஞாயிறு ஹப்பைத் திறந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை வெட்டுகளின் வழியே கப்பின் அடியில் நுழைத்துப் பார்த்தேன். 0.05 மில்லிமீட்டர் தகடு ஒரு வெட்டில் நுழைந்தது, எதிர்வெட்டில் நுழையவில்லை. கப் சாய்ந்தபோது ஹப்பின் சுவரிலிருந்து சீவப்பட்ட, மயிரிழை போன்ற இரும்புச் சீவல் அடியில் மாட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு, பழைய கப்பின் வெளிச்சுற்றைக் கிரைண்டரில் சற்றுக் குறைத்து அடிதாங்கியாக வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டினேன். இம்முறை சத்தம் மாறியது எனக்கே கேட்டது.

உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தில் உருளைகளின் இடுக்கு வழியே கிரீஸ் புழுப்போல் எட்டிப்பார்க்கும்வரை நிரப்பினேன். இதற்கென்றே கடையில் கருவி இருக்கிறதாம், கை போதும்.

நட்டை முறுக்குவதில்தான் நிதானம் வேண்டும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே ஸ்பேனரால் முறுக்கி உருளைகளைப் பாதையில் படியவைத்து, பிறகு முழுவதும் தளர்த்தி, மறுபடி விரலால் மட்டும் இறுக்கினேன். ஸ்பிளிட் பின் துளை நேர்ப்படவில்லை என்பதற்காக மேலும் இறுக்காமல், சற்றுத் தளர்த்தியே நேர்ப்படுத்தினேன். இவ்வகை பேரிங்குக்குப் பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை அச்சுத் தளர்ச்சி, அதாவது ஹப் உள்ளும் வெளியும் நகர இடம், தேவை. டயல் கேஜில் எனக்கு 0.06 காட்டியது. பழைய பின்னை நிமிர்த்திப் போடாமல் புதியதையே போட்டேன்.

அதன்பின் நான்கு முறை சேலம் போய்வந்தாயிற்று. ஹப் இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பில் இருக்கிறது; ரீங்காரம் இல்லாததால் கதவின் ரப்பர் கிரீச்சிடுவது இப்போது காதில் விழுகிறது. இடப்பக்க ஆயில் சீலுக்கும் அதே வயதுதான் என்பதால் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். தக்காளி வரத்து குறைந்ததும் அந்தச் சக்கரத்தையும் திறக்க வேண்டும்.