ஆறு ஓட்டை இருந்தால் மட்டும் போதாது: வி-கிராஸுக்கு வீலும் டயரும் மாற்றிய அனுபவம்

"ஆறு ஹோல்தானுங்க, அப்படியே உட்கார்ந்துக்கும்." என் இசுஸு வி-கிராஸ் பிக்கப்புக்கு வெளி அலாய் வீல் தேடிய நாட்களில் இதைத்தான் அதிகம் கேட்டேன். பழைய சாமான் கடையில் இருந்து ஏ.சி. போட்ட ஷோரூம் வரை எல்லோரும் ஓட்டையை மட்டும்தான் எண்ணுகிறார்கள். மற்றதெல்லாம் நம் பாடு. பிக்கப்புக்கு வீல் மாற்றும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் இருந்து வந்தது 255/60 ஆர்18, அதாவது 255 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம். ரோட்டு டயர்தான். ஹைவேயில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு ஆழியாறு பக்கம் தோப்பு, மாதா மாதம் வால்பாறை வேலை. நாற்பது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்த பிறகு வரும் எஸ்டேட் ரோட்டில்தான் டயரின் பக்கச்சுவர் அடி வாங்குகிறது. டயர்கள் தேய்ந்து, மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனபோது 17 அங்குலத்துக்கு இறங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

காரணம் எளிது. 265/65 ஆர்17 என்பது ஹைலக்ஸுக்கும் பழைய ஃபார்ச்சூனருக்கும் வரும் அளவு, கொஞ்சம் பெரிய ஊரில் எங்கும் கிடைக்கும். பக்கச்சுவர் 153 மில்லிமீட்டரில் இருந்து 172 ஆகிறது. மொத்த விட்டம் 763-இல் இருந்து 776, அதாவது 1.7 சதவீதம்தான் கூடுகிறது. மூன்று சதவீதத்துக்குள் நின்றால் ஸ்பீடோமீட்டருக்கும் பெரிய கேடில்லை, மட்கார்டிலும் உரசாது. 285/70 போடச் சொல்லி ஆசை காட்டியவர்களும் உண்டு. அது கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போடாமல் அதை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள், சத்தம் கேட்கும். 17 அங்குலம் பிரேக்கில் இடிக்குமோ என்ற பயமும் வேண்டாம். 2016-இல் வந்த முதல் வி-கிராஸ் 16 அங்குலச் சக்கரத்தோடுதான் வந்தது. இருந்தாலும் டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு. தலைவலி வெளியே இறங்கியதும் ஆரம்பித்தது.

முதலில் செகண்ட் ஹேண்ட் பார்க்கலாம் என்று கோவை உக்கடம் போனேன். ஒரு கடையில் ஃபோர்டு எண்டவர் அலாய் நாலு, கீறல்கூட அதிகம் இல்லை, விலையும் நியாயம். ஆறு ஓட்டை, பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 139.7, எல்லாம் நம் வண்டியேதான். கடைக்காரர் பையனை அழைத்து, முன் சக்கரத்தைக் கழற்றி, எண்டவர் ரிம்மைத் தூக்கி மாட்டச் சொன்னார். ஆறு போல்ட்டும் ஓட்டைக்குள் அழகாகப் போயின. ஆனால் ரிம் முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்றுவிட்டது. பையன் காலால் உதைத்தான். பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டினான். கடைக்காரர், "துருவா இருக்கும், தட்டு தட்டு" என்றார்.

துரு இல்லை. எண்டவர் ரிம்மின் நடு ஓட்டை 93.1 மில்லிமீட்டர். அதில் நுழைய வேண்டிய வி-கிராஸின் ஹப், அதாவது சக்கரம் மாட்டும் அச்சின் நடு மேடு, 100.1. ஏழு மில்லிமீட்டர் பெரிய ஹப்பை எத்தனை தட்டினாலும் உள்ளே அனுப்ப முடியாது. கையோடு கொண்டுபோயிருந்த வெர்னியர் அளவுகோலை வைத்துக் காட்டியதும் அவர் கொஞ்சமும் அசராமல், "பக்கத்துல லேத் இருக்குதுங்க, கடைஞ்சு குடுத்தறலாம்" என்றார். அலாய் வீலின் நடுப்பகுதிதான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. அங்கே லேத் பட்டறையில் சுரண்டிய ரிம்மை மாட்டிக்கொண்டு வால்பாறை மலையில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. அதோடு எண்டவரின் ஆஃப்செட் 55, அதாவது ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. நம்முடையது 33. கடைந்து மாட்டினாலும் சக்கரம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளிப் போய்விடும். ஒரு பகல் அதிலேயே போயிற்று.

ஆகவே செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகிறவர்கள் பையில் ஒரு வெர்னியர் வைத்துக்கொள்ளுங்கள். ரிம்மைக் கவிழ்த்துப் பின்பக்கம் பாருங்கள். அகலம், ஆஃப்செட் (ET என்று எழுதி இருக்கும்), அது தாங்கும் எடை, இவை அச்சாகி இருக்கும். எடை எழுதாத ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிக்கப்புக்கு வேண்டாம். காலியாகவே கிட்டத்தட்ட இரண்டு டன் இருக்கிற வண்டி இது. கார் ரிம்மில் ஆறு ஓட்டை போட்டு விற்பதும் நடக்கிறது.

சரி, புதிதாகவே வாங்குவோம் என்று ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். 17 அங்குலம், 8ஜே (எட்டு அங்குல) அகலம், ஆஃப்செட் 20 என்று கேட்டேன். என் கம்பெனி ரிம் 7.5ஜே, 33. கணக்குப் போட்டால் புதிய ரிம் வெளியே சுமார் 19 மில்லிமீட்டர் வரும். பார்க்கவும் நன்றாக இருக்கும், மட்கார்ட் விளிம்பையும் தாண்டாது. "வர வெச்சுத் தர்றோம் சார்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். ரசீதில் எழுதியது: "17 அலாய், 6 ஹோல், கருப்பு, 4". அவ்வளவுதான். அகலத்தையும் ஆஃப்செட்டையும் எழுதுங்கள் என்றேன். கல்லாவில் இருந்தவர், "சிஸ்டத்துல அதுக்குக் கட்டம் இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அந்த விவரத்தை அப்படியே கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். ஒரு கட்டை விரல் பதிலாக வந்தது.

வந்து சேர்ந்த ரிம் 9ஜே, ஆஃப்செட் சுழியம்.

"இதுதான் சார் லுக்கு. எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்று சிரித்தார்கள். லுக் இருக்கட்டும். இதை மாட்டினால் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் வெளியே துருத்தும். மழைக்காலத்தில் சேறு முழுக்கக் கதவில். வீல் பேரிங்குக்குக் கூடுதல் சுமை. ஸ்டியரிங் ஒவ்வொரு குழிக்கும் கையை இழுக்கும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52-ஐ வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பில் இருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மட்கார்டைத் தாண்டி நிற்கும் டயர்தான் வழியில் நிறுத்தும் போலீஸ்காரர் கண்ணில் முதலில் படும். விபத்து ஆனால் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணிலும்.

திருப்பி எடுக்க மாட்டோம், ஆர்டர் கொடுத்து வரவழைத்த பொருள் என்றார்கள். ரசீதைக் காட்டினால் அதில் அவர்கள் எழுதியது எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது: 17, ஆறு ஓட்டை, கருப்பு, நாலு. அப்போதுதான் அந்தக் கட்டை விரல் கைகொடுத்தது. "நான் அனுப்பியது இது, நீங்கள் சம்மதித்தது இது" என்று போனை மேலாளர் முன் வைத்தேன். நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்ற பேச்சை நான் எடுப்பதற்குள் அவரே, "சரி சார், மாத்திக் குடுங்கப்பா" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு கொஞ்சம் காக்க வைத்தார்கள். சரியான ரிம் வந்தது. ரசீதில் கட்டம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு வாட்ஸ்அப்பாவது அனுப்பாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டயருக்கு வருவோம். எம்.டி., அதாவது சேற்றுக்கான டயர், படத்தில் பார்க்க அழகு. தினம் ஓட்டுகிறவருக்கு இரைச்சல், ஈர ரோட்டில் வழுக்கல். எனக்கு ரோடு, மண் இரண்டுக்கும் ஆன ஏ.டி. போதும். எல்.டி. (லைட் டிரக்) என்று எழுதிய தடித்த டயர்களும் காட்டினார்கள். எடையும் கூடுதல், காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும், காலி வண்டியில் பின்பக்கம் குதிக்கும், மைலேஜும் குறையும். சாதாரண வகையில் லோடு இண்டெக்ஸ் 112 இருந்தது, அதாவது ஒரு டயருக்கு 1120 கிலோ. கம்பெனி டயர் எண்ணைவிட இது குறையக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் வெளிநாட்டு ஏ.டி. டயர்களுக்குத் தட்டுப்பாடு. அதனால் குடோனில் கிடக்கும் பழைய சரக்கை "இம்போர்ட்டட் சார், கிடைக்கறதே இல்ல" என்று விலை ஏற்றி விற்கிறார்கள்.

எனக்கும் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள். நாலு டயரை அடுக்கி வைத்து மேலே இருந்த ஒன்றின் தேதியைக் காட்டினார்கள். 0825, 2025-ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். நல்லது. மற்ற மூன்றையும் இறக்கச் சொன்னேன். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், ஆகவே புரட்டிப் புரட்டித்தான் தேட வேண்டும். அடியில் இருந்த டயரில் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்தே தெரிந்தது. மேலே மெழுகுபோல் ஏதோ பூசிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். விரலால் தேய்த்துப் படித்தேன்: 3821. நாலு வருடப் பழசு. "ரப்பர் ஓடாம இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் ஃபிட்டர். அப்படியானால் இதை உங்கள் வண்டியில் போட்டுக்கொண்டு எனக்கு வேறு கொடுங்கள் என்றேன். மாட்டிய பின் அந்த எண் உள்பக்கம் போய்விட்டால் குனிந்து யார் பார்ப்பது? மாட்டும் முன் பாருங்கள், நாலையும் பாருங்கள்.

பில்லில் இன்னொரு கூத்து. டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகிவிட்டது. கடைக்காரர் எழுதியது ஒரு டயர் 15,360. அடிப்படை விலை 12,000, அதன் மேல் 28. "பழைய ஸ்டாக் சார், நாங்க அந்த ரேட்லதான் வாங்கினோம்." அவர் எப்போது வாங்கினார் என்பது எனக்கு எதற்கு? எனக்கு விற்கும் தேதியில் உள்ள வரிதான் எனக்கு. ஜி.எஸ்.டி. எண்ணோடு முழு பில் வேண்டும் என்று கேட்டதும் 14,160 ஆனது. நாலு டயருக்கு 4,800 ரூபாய் மிச்சம். உக்கடத்தில் வீணான பகலுக்கு இதை ஈடு வைத்துக்கொண்டேன்.

எல்லாம் மாட்டி ஹைவே ஏறினேன். எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. திரும்பவும் பேலன்சிங். திரும்பவும் நடுக்கம். "அலைன்மெண்ட் பண்ணிரலாம் சார்" என்று அதற்கும் காசு. அலைன்மெண்ட் போனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நடுங்குவது வேறு. வெளி ரிம்கள் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வைக்கிறார்கள், இதில் 110 மில்லிமீட்டர். என் ஹப் 100.1. இடையில் இருக்கும் இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் போட வேண்டும். அது இல்லாவிட்டால் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது நட்டுகள் மட்டும்தான். வண்டி தரையில் இறங்கிய பிறகு ஏர் கன்னால் ஒரே மூச்சில் முடுக்கினால் அது நடுவில் நிற்குமா? "அதெல்லாம் தேவையில்ல" என்று சொன்ன அதே கடையில் கேட்டால் ஸ்டாக்கே இல்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு நண்பரை அனுப்பி அலுமினிய வளையம் நாலு வாங்கினேன். பிளாஸ்டிக்கும் கிடைக்கும். மலையிறக்கத்தில் பிரேக் சூட்டை நினைத்து அதை விட்டேன். வளையத்தைப் போட்டு, சக்கரத்தைத் தூக்கிய நிலையிலேயே நட்டுகளை எதிரெதிராகக் கையால் முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்தோம். நடுக்கம் அன்றோடு போனது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள். எனக்கு இரண்டு நட்டு கால் சுற்று போயின.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் தகவல் சொல்லப் போனால், "வீலுக்கெல்லாம் எதுக்கு சார் வந்துட்டு" என்றார் கவுண்டரில் இருந்தவர். பில் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, முத்திரை வைத்த நகலைக் கையில் வாங்கிய பிறகுதான் கிளம்பினேன். புதுப்பிக்கும்போது அலாயின் மதிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது வண்டி எப்படி? எஸ்டேட் ரோட்டில் இடுப்பு தப்பித்தது. எழுபதுக்கு மேல் டயர் லேசாக முனகுகிறது, பாட்டு போட்டால் கேட்காது. மைலேஜ் அரை கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. மீட்டரில் நூறு காட்டும்போது ஜி.பி.எஸ்ஸில் முன்பு 96 இருந்தது, இப்போது 98.

ஒன்றை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டெப்னி பழைய ரிம்தான். புது அலாயின் நட்டுக்குழி குறுகல் என்பதால் நட்டும் வேறு, அதைக் கழற்றும் ஸ்பேனரும் வேறு. கம்பெனி நட்டுகளைக் கடையில் டப்பாவில் போட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். ஆறு பழைய நட்டு, பழைய ஸ்பேனர், புது ஸ்பேனர், மூன்றையும் ஒரு துணிப்பையில் கட்டி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஸ்டெப்னியின் விட்டமும் கொஞ்சம் குறைவு, அதனால் அதை மாட்டினால் ஃபோர் வீல் டிரைவ் போடாமல் பஞ்சர் கடை வரைக்கும் மட்டும்தான். வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஜாக்கி வைத்துக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள். பார்த்தபோதுதான் தெரிந்தது, கடையில் கொடுத்த புது ஸ்பேனருக்கு வண்டியோடு வந்த கைப்பிடி சேரவில்லை. அதற்கு ஒரு கைப்பிடி தனியாக வாங்கினேன், 350 ரூபாய்.