ஒரிஜினலா, லோக்கலா?

செங்கோட்டையில் மரம் அறுக்கும் செயின்சா மெஷின்களை ரிப்பேர் பார்க்க உட்கார்ந்து 19 வருடம் ஆகிறது. கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று வழி நெடுக ரப்பர்தான். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்த தோட்டத்தில் கடைசியாகக் கடும்வெட்டு போட்டு, மிச்சப் பாலையும் வடித்துவிட்டு மரங்களை மொத்தமாகச் சாய்ப்பார்கள். தடி பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்கு லாரி ஏறும். பிஸ்டன் இறுகிச் சீஸ் ஆன மெஷின் என் மேசைக்கு வரும்.

பிஸ்டன் போச்சு என்று சொன்னதுமே அடுத்த கேள்வி வந்துவிடும்: ஒரிஜினலா, லோக்கலா? மெஷின் கம்பெனியே தருவது ஒரிஜினல், வேறு யார் செய்தாலும் எங்கள் பேச்சில் லோக்கல். லோக்கல் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். தினக்கூலிக்கு மரம் வெட்டுகிறவரிடம் அந்த வித்தியாசம் ஒரு வாரத்து அரிசி. அதை நான் லேசாக எடுத்துக்கொண்டதே இல்லை.

ஆனாலும் ஒரு தடவை தப்பு செய்தேன். புளியரைக்காரர் ஒருவர், ஸ்டில் கம்பெனியின் 381 மெஷின், 52 மில்லி பிஸ்டன். அவசரம் என்றார். லோக்கல் பிஸ்டனைக் கவரோடு வந்த லாக்கையே போட்டு மாட்டிக் கொடுத்தேன். பதினோராம் நாள் திரும்பி வந்தார். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு சேர்க்கும் கட்ஜன் பின்னைப் பிடித்து நிற்கும் சின்னக் கம்பி வளையம்தான் லாக். அது கழன்று, பின் நகர்ந்து, சிலிண்டர் சுவரில் நகம் நுழையும் ஆழத்துக்குப் பள்ளம் போட்டிருந்தது. முழு வேகத்தில் இந்த மெஷின் நிமிடத்துக்கு 12,000 சுற்றைத் தாண்டும். நொடிக்கு 200 தடவை பிஸ்டன் ஏறி இறங்கும். அதில் மட்டமான கம்பி எத்தனை நாள் நிற்கும்?

"தம்பி, கம்பெனி லாக்தான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடன் வாங்கியாவது தந்திருப்பேம்லா" என்றார். சத்தம் போடவில்லை. சிலிண்டரை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த பிஸ்டன் போட்டாலும் லாக் மட்டும் கம்பெனி லாக்தான். அதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.

லோக்கல் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டவும் முடியாது. இத்தாலியில் செய்யும் மீட்டியோர் பிஸ்டனை நம்பிப் போடுவேன். பேர் இல்லாத கவரில் வருவதை மாட்டுமுன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியில், அளவு பார்க்கும் மெல்லிய தகடான பில்லர் கேஜ் விடுவேன். வாய் ஒட்டிக்கொண்டு நின்றால் சூட்டில் விரிய இடம் இல்லை என்று அர்த்தம். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடை ஓரத்தில் பிசிர் இருக்கிறதா என்று விரலால் தடவுவேன். தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். மாறினால் ரிங் வாய், சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் ஓட்டையில் மாட்டி உடையும்.

லோக்கல் சிலிண்டர் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பழைய கம்பெனி சிலிண்டரின் உள்சுவரில் உள்ள நிக்காசில் என்கிற கடினமான பூச்சு உரியாமல் இருந்தால் அதைத் தூக்கிப் போட விடமாட்டேன். கோடு கோடாகத் தெரிவது பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம்தான். பஞ்சுக் குச்சியில் ஆசிட் தொட்டு அதன் மேல் மட்டும் வைத்தால் நுரைத்துக் கரையும். நுரை நின்றதும் கழுவி, மெல்லிய எமரி ஓட்டினால் பழைய சுவர் திரும்பக் கிடைக்கும். பூச்சு உரிந்த இடத்தில் ஆசிட் பட்டால் அடியில் உள்ள உலோகத்தையே தின்னும். அங்கே கை வைக்கக் கூடாது. புது லோக்கல் செட்டைவிட, நல்ல பழைய சிலிண்டரில் போட்ட சுமாரான பிஸ்டன் அதிக நாள் ஓடியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

வருடத்துக்கு இரண்டு நாள் தென்னை வெட்டும் வீட்டு மெஷினுக்கு லோக்கல் போதும். தினமும் தோட்டத்தில் ஓடுவதற்கு ஒரிஜினல். இவ்வளவுதான் என் கணக்கு. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழையது ஏன் செத்தது? கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் கிராங்க் சீல் வழியாகக் காற்று இழுத்தால் கலவையில் பெட்ரோல் குறையும். பெட்ரோலோடுதானே ஆயிலும் உள்ளே போகிறது, அதுவும் குறையும். அதிகம் சூடேறும் சைலன்சர் பக்கம் முதலில் கோடு விழும். அந்த மெஷினில் ஒரிஜினல் போட்டாலும் அதே சாவுதான். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு கார்புரேட்டர் ஸ்க்ரூவையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் அதே புளியரைக்காரர் வந்தார். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தேன். அந்தப் பக்கம் மட்டும் கோடு. பழைய சைக்கிள் டியூபை வெட்டி காற்று உள்ளே போகும் வாய், புகை வெளியேறும் வாய் இரண்டையும் அடைத்து, கை பம்பால் அரை பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினேன். பிளைவீல் பக்க சீல் ஓரத்தில் குமிழி ஒவ்வொன்றாகக் கிளம்பியது. குனிந்து பார்த்தார்.

"அப்ப பிஸ்டன் மேல தப்பு இல்லியா?"

"இல்ல அண்ணாச்சி. முதல்ல சீல் வாங்கணும்."

தென்காசி பஸ்ஸுக்குக் கிளம்பினார். மாதிரிக்கு இருக்கட்டும் என்று பழைய சீலைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தேன்.