பூன்வில் பீர் திருவிழாவும் எங்கள் கூடாரமும்

கலிபோர்னியாவில் குளோவர்டேல் தாண்டி 128ஆம் எண் சாலையில் ஏறியவர்களுக்குத் தெரியும், பீர் குடித்துவிட்டு அந்த வளைவுகளில் அன்றே வீடு திரும்புவதெல்லாம் நடக்கிற கதையில்லை என்று. அதனால்தான் அந்தச் சாலையில் இருக்கும் பூன்வில் என்ற ஊரின் பீர் திருவிழாவுக்கு வருகிறவர்கள் பலர் கூடாரத்தோடு வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

1987இல் ஆரம்பித்த ஆண்டர்சன் வேலி ப்ரூவரி என்ற பீர் ஆலை நடத்தும் விழா இது. கையில் சின்னக் கண்ணாடி டம்ளர், கழுத்தில் நூலில் கோத்த ப்ரெட்செல் (முடிச்சு மாதிரி இருக்கும் உப்பு பிஸ்கட்) மாலை (சிரிக்காதீர்கள், நாலு பீர் ருசி பார்த்த பிறகு ஒரு கடி கடித்தால்தான் நாக்கு மறுபடி வேலை செய்யும்). எனக்குப் பிடித்தது கோஸா. உப்பும் மல்லி விதையும் போட்டு, லாக்டிக் அமிலத்தால் புளிப்பேறிய பழைய ஜெர்மன் வகை. வெயிலில் குடித்தால் நுரைத்த நீர்மோர் மாதிரி சரசரவென்று இறங்குகிறது. ஆனால் கூட்டமெல்லாம் ஐபிஏ என்ற கசப்பு தூக்கலான பீர் வகையின் வரிசையில். கசப்பில் அப்படி என்னதான் போட்டியோ!

ராத்திரி அந்தப் பள்ளத்தாக்கில் குளிர் பின்னியெடுத்துவிட்டது. விடிகாலையில் கூடாரத் துணியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து, ஒவ்வொன்றாக என் நெற்றியில் சொட்டியது, பக்கத்தில் படுத்திருந்தவன் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. அப்புறம் பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர், பேர்கூடக் கேட்காமல், ஆளுக்கொரு கப் காபி நீட்டினார்.

அடுத்த வருஷம் யார் யார் வருகிறீர்கள்? வண்டியில் இடம் இருக்கிறது. நடுராத்திரியில் கிடார் எடுப்பவர்களுக்கு மட்டும் இல்லை.